பெமிட் காணியும் பிரக்கிராசியும்: கிளிநொச்சி ஆனந்தசங்கரியின் அரசியல்

இலங்கையின் வடக்கே வன்னியில் இடம்பெயர்ந்து ஓடிய எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும், கையோடு கொண்டுபோன சாமான்களில் ஒரு பொலித்தீன் பை இருந்திருக்கும். அதற்குள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதங்கள், அவற்றோடு மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கிய ஒரு காணிப் பெமிட், அரசாங்கம் தந்த அனுமதிப்பத்திரம். பானை சட்டியை விட்டுவிட்டு ஓடியவர்களும் இந்தப் பையை விடவில்லை. வன்னி அரசியலை விளங்கிக்கொள்ள விரும்பும் எவருக்கும் நான் முதலில் காட்ட நினைப்பது அந்தப் பெமிட்டைத்தான். கிளிநொச்சியின் முன்னாள் எம்.பி. வீ. ஆனந்தசங்கரியின் அரசியல் வாழ்க்கைக்கும் அதுதான் நல்ல தொடக்கம்.

ஆனந்தசங்கரி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 2003க்குப் பிறகு தமிழர் விடுதலைக் கூட்டணிக்குள் நடந்த பிளவும், அவர் எழுதிய பகிரங்கக் கடிதங்களும்தான். அவரைத் துரோகி என்றவர்கள் இருக்கிறார்கள். துணிந்த மனிதர் என்றவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டை பிடிபட வேண்டுமென்றால் 1960களின் கிளிநொச்சிக்குப் போகவேண்டும். அவர் எப்படிப்பட்ட ஊரில், எப்படிப்பட்ட தொழிலால் ஆளானார் என்பதைப் பார்த்தால், பிற்காலத்தில் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்பது கொஞ்சம் தெளியும்.

கிளிநொச்சி பழைய ஊர்ப் பெயராக இருந்தாலும், இன்று நாம் அறிந்த பட்டினம் குடியேற்றத் திட்டத்தால் உருவானது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கியது. 1930களிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி போதாத குடும்பங்களை அரசாங்கம் இங்கே கொண்டுவந்து குடியேற்றியது. உருத்திரபுரம், கணேசபுரம், வட்டக்கச்சி, முரசுமோட்டை, இராமநாதபுரம் எனக் காடு வெட்டிக் களனியானது. இன்றைக்கும் சில ஊர்களை மக்கள் வாய்க்கால் இலக்கத்தால்தான் சொல்கிறார்கள்: டி 8, டி 10. குளத்து நீரை நம்பி இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது. காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர், யாருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கப் பங்கு என்று கூட்டம் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கூட்டங்களில் பேசத் தெரிந்தவன்தான் ஊரில் தலைவன் ஆனான்.

இனி பெமிட்டுக்கு வருவோம். குடாநாட்டில் காணி என்றால் உறுதி. தகப்பன் பெயரிலோ தாயின் பெயரிலோ நொத்தாரிசு எழுதிய உறுதி இருக்கும், விற்கலாம், ஈடு வைக்கலாம், மகளுக்குச் சீதனமாக எழுதலாம். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையும் சீதனத்தையும் முதுசம் என்ற பரம்பரைச் சொத்தையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. கிளிநொச்சிக் குடியேற்றக்காரருக்குக் கிடைத்தது உறுதி இல்லை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரம். அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் அந்தக் காணியை விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, குறித்த அளவுக்குக் கீழே துண்டாடவும் முடியாது. காணியில் இருக்க வேண்டும், விதைக்க வேண்டும். தவறினால் பெமிட்டை ரத்துச் செய்வோம் என்று நோட்டீஸ் வரும்.

இந்தச் சட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தலையிடி இருந்தது என்பது வெளியூர்க்காரருக்குச் சட்டென்று விளங்காது. நாலு பிள்ளை உள்ள தகப்பன் ஒரு பெமிட்டுக்குப் பின்னுரித்தாளராக ஒருவரைத்தான் நியமிக்கலாம். நியமிக்காமல் இறந்துபோனால் சட்டத்தின் அட்டவணைப்படி உரிமை போகும், அந்த வரிசையில் ஆண்பிள்ளைதான் முதலில். தேசவழமைப்படி வளர்ந்த சமூகத்தில் காணி பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். ஆகவே வீட்டில் ஒரு சட்டம், கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், இன்னொரு சட்டம். மகளுக்கு வாயால் கொடுத்த காணியில் மருமகன் பத்து வருஷம் பாடுபட்டு விதைத்திருப்பான், தகப்பன் செத்ததும் மூத்த மகன் பெமிட்டோடு வந்து நிற்பான். வன்னியின் பல குடும்பப் பகைகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். சொந்தக்காரருக்குள் கல்யாணம் செத்தவீட்டுக்குக் கூடப் போகாமல் விட்ட குடும்பங்களை நான் அறிவேன்.

இதற்கு மேல், கிளிநொச்சி அந்தக் காலத்தில் தனி மாவட்டமும் இல்லை. 1984இல்தான் அது யாழ்ப்பாணத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதுவரை பெரிய காணி அலுவல் எதற்கும் ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் போகவேண்டும். வயலை விட்டுவிட்டு ஒரு நாள், இரண்டு நாள் அலையவேண்டும். விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும், மனுவுக்குப் பதில் எழுத ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பிரக்கிராசி.

இளைய தலைமுறைக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பாட்டன்மார் காலத்தில் வழக்காடுவோர் இரண்டு வகை. அப்புக்காத்து மேல் நீதிமன்றங்களில் நின்று வாதாடுபவர், கறுப்புக் கோட்டும் பெயரும் பெரிது. பிரக்கிராசி கட்சிக்காரனோடு நேரே பழகுபவர். வழக்கைப் பதிவு செய்வது, பத்திரம் தயாரிப்பது, கீழ் நீதிமன்றங்களில் தோன்றுவது, நொத்தாரிசு வேலை பார்ப்பது எல்லாம் அவர் கை. ஒல்லாந்தரிடமிருந்தும் போர்த்துக்கேயரிடமிருந்தும் வந்த இந்த இரண்டு பெயர்களையும் 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் ஒன்றாக்கியது. அடுத்த ஆண்டு முதல் எல்லாரும் சட்டத்தரணிதான். தமிழ் அரசியலின் பெரிய பெயர்களான ஜீ. ஜீ. பொன்னம்பலம், எஸ். ஜே. வி. செல்வநாயகம், அ. அமிர்தலிங்கம் எல்லாரும் அப்புக்காத்துமார். ஆனந்தசங்கரி பிரக்கிராசி. இது சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் மேடையில் பேசிப் பெயர் வாங்கியவருக்கும், ஒவ்வொரு குடும்பத்தின் காகிதத்தையும் பிரித்துப் பார்க்கும் தொழிலில் இருந்தவருக்கும் அரசியல் ஒரே மாதிரி இருக்காது.

1933இல் பிறந்த ஆனந்தசங்கரி தொடக்கத்தில் ஆசிரியர். யாழ்ப்பாணத்திலும் பூநகரியிலும் தெற்கிலும் படிப்பித்திருக்கிறார்.  அரசியலில் அவர் முதலில் நின்றது லங்கா சமசமாஜக் கட்சியில். தமிழ்க் கட்சியில் தொடங்காமல் இடதுசாரிக் கட்சியில் தொடங்கியது குடியேற்ற ஊருக்கு ஒன்றும் பொருந்தாத விஷயம் இல்லை. காணி இல்லாதவர்கள் வந்து சேர்ந்த ஊர் அது. கூலி, கடன், தண்ணீர்ப் பங்கு என்று பேசினால் கேட்க ஆள் இருந்தது. ஆனாலும் 1960 மார்ச், 1960 ஜூலை, 1965 என மூன்று தேர்தல்களில் கிளிநொச்சியில் நின்று மூன்றிலும் தோற்றார். தொகுதியைத் தமிழரசுக் கட்சி வைத்திருந்தது. மொழிக்காகப் போராடிய காலத்தில் செங்கொடிக்கு வாக்குப் போட மக்கள் தயாராக இல்லை. 1966 ஜனவரியில் தமிழ் மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடந்த ஊர்வலத்தில் சமசமாஜக் கட்சியும் சேர்ந்தது. அதே ஆண்டில் ஆனந்தசங்கரி அந்தக் கட்சியை விட்டுத் தமிழ்க் காங்கிரசில் சேர்ந்தார்.

இந்த வருஷங்களில்தான் அவருடைய உண்மையான அத்திவாரம் போடப்பட்டது. கரைச்சிக் கிராம சபையின் தலைவர், பிறகு கிளிநொச்சிப் பட்டின சபையின் தலைவர். 1967இல் பிரக்கிராசி. மூன்று தரம் தோற்றவர், சபையும் சட்டமும் கைக்கு வந்த பிறகு நின்ற முதல் தேர்தலில், 1970இல், வென்றார். தொழில் மட்டும்தான் வெல்லவைத்தது என்று நான் சொல்லமாட்டேன், கட்சி மாற்றமும் ஒரு காரணம்தான். இருந்தாலும் அந்தத் தேர்தலில் காங்கிரசின் தலைவர் பொன்னம்பலமே யாழ்ப்பாணத்தில் தோற்றார், மு. சிவசிதம்பரம் உடுப்பிட்டியில் தோற்றார். கட்சி அலையில் வந்த வெற்றி என்றால் முதலில் வென்றிருக்க வேண்டியவர்கள் அவர்கள். கிளிநொச்சியில் வாக்குப் போட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த மனிதருக்குப் போட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

1970இல் காங்கிரஸ் சார்பில் வென்றவர்கள் மூன்று பேர்: நல்லூரில் சி. அருளம்பலம், வட்டுக்கோட்டையில் ஆ. தியாகராசா, கிளிநொச்சியில் ஆனந்தசங்கரி. முதல் இருவரும் பிரதமர் சிறிமாவோவின் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்து 1972 குடியரசு யாப்பை ஆதரித்தார்கள். சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைக் கைவிட்டு, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த யாப்பு அது. ஆனந்தசங்கரி போகவில்லை. போயிருந்தால் லாபம் இருந்திருக்கும் என்பதை அப்போது கிளிநொச்சியில் இருந்த விவசாயியைக் கேட்டால் சொல்லுவார். அந்த அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் வன்னிக் கமக்காரன் கையில் முதன்முறையாக நல்ல காசு புழங்கியது. விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர்கள் கூட மிளகாய்த் தோட்டம் செய்து கல்வீடு கட்டினார்கள். ஆளும் கட்சியோடு நின்று கொண்டு தொகுதிக்கு இன்னும் கேட்டு வாங்கியிருக்கலாம். அவர் தமிழர் கூட்டணியோடு நின்றார். அது பின்னர் தமிழர் விடுதலைக் கூட்டணி ஆனது. தனிநாடு கோரிய 1976 மே 14 வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்குப் பிறகு வந்த 1977 தேர்தலில் கூட்டணி 18 இடங்களை வென்றது, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார், ஆனந்தசங்கரி மறுபடி கிளிநொச்சி எம்.பி. ஆனார்.

1977 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடோரமாகக் குடியேறின. பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களுக்கு இன்று போனாலும் அந்தக் கதையைக் கேட்கலாம். இவர்களுக்குப் பெமிட்டே கிடையாது. சட்டத்தின் கண்ணில் அத்துமீறிக் குடியேறியவர்கள். குடியேற்றக் குடும்பங்களின் வயலில் கூலிக்கு நின்று, அவர்கள் கோயிலில் பின்வரிசையில் நின்று, ஒரு தலைமுறை கழித்தார்கள். கூட்டணியின் தலைவர்கள் தனிநாடு பற்றிப் பேசிய அதே காலத்தில், தங்கள் தொகுதிக்குள் காணி இல்லாமல் இருந்த இந்த மக்களுக்காக இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாம். ஆனந்தசங்கரியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1983 ஆகஸ்டில் நாட்டின் யாப்புக்கு ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டைக் கைவிடுகிறேன் என்று சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி எம்.பி.க்கள் எல்லாரும் சபைக்குப் போகாமல் ஆசனங்களை இழந்தார்கள். அதற்குப் பிறகு வந்த பதினேழு வருஷங்கள் கூட்டணிக்குச் சாவுகளின் வருஷங்கள், தலைவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்பட்டார்கள். 1989 ஜூலை 13 கொழும்பில் அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும். 1997இல் திருகோணமலையில் தங்கத்துரை. 1998இல் யாழ் மேயர்களான சரோஜினி யோகேஸ்வரனும் பொன். சிவபாலனும். 1999இல் நீலன் திருச்செல்வம். இவர்களில் பலர் சட்டம் படித்தவர்கள். பேச்சுவார்த்தையும் யாப்பு வரைவும்தான் அவர்கள் அறிந்த வேலை.

அந்தக் கட்சிக்கு உயிர் பிழைத்த தலைவர்களில் ஒருவராகத்தான் ஆனந்தசங்கரி 2000ஆம் ஆண்டில் மறுபடி பாராளுமன்றத்துக்கு வந்தார். இந்த முறை யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலிருந்து. இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது. வன்னியின் நடுவில் இருக்கும் கிளிநொச்சி தேர்தலில் யாழ்ப்பாணத்தோடு போகிறது. ஆகவே கிளிநொச்சியில் வளர்ந்த அரசியல்வாதி குடாநாட்டு வாக்கு இல்லாமல் தலையெடுக்க முடியாது. 1977 வரை இருந்த தனித் தொகுதி முறையில் பிரக்கிராசி தன் ஊரின் ஆள். விகிதாசார முறையில் அவர் பெரிய பட்டியலில் ஒரு பெயர்.

2001 ஒக்டோபரில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவாகி, கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் நின்று 15 இடங்களை வென்றது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம். அந்த ஜூன் மாதம் சிவசிதம்பரம் காலமானார், ஆனந்தசங்கரி கட்சித் தலைவர் ஆனார். பிறகுதான் பிரச்சினை. தமிழ் மக்களின் ஏகப் பிரதிநிதிகள் விடுதலைப் புலிகளே என்பதைக் கூட்டமைப்பு ஏற்கவேண்டும் என்று வந்தபோது அவர் மறுத்தார். கட்சிக்குள் பெரும்பான்மையினர் அவருக்கு எதிராகத் திரும்பினார்கள். அவர் என்ன செய்தார்? கோட்டுக்குப் போனார். கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் கட்சியின் யாப்பைப் பிரித்து வைத்து, தலைவர் நான், என் ஒப்புதல் இல்லாமல் சின்னத்தைப் பயன்படுத்த முடியாது என்று நின்றார்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தப் பெமிட் ஞாபகம் வருகிறது. ஊரே ஒரு பக்கம் நின்றாலும், காகிதம் என் பெயரில் இருக்கிறது என்று சொல்லி நிற்கும் மனிதர்களைக் கிளிநொச்சியில் நிறையப் பார்த்திருக்கிறோம். சட்டப்படி பலமுறை அவர்கள் சரியாகத்தான் இருப்பார்கள். ஆனந்தசங்கரியும் காகிதத்தில் சரியாக இருந்தார், கட்சியும் சின்னமும் அவரிடமே தங்கின. மற்றவர்கள் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குப் போனார்கள். 2004 ஏப்ரலில் வீடு 22 இடங்களை வென்றது. ஆனந்தசங்கரி தோற்றார். அந்தத் தேர்தலில் வடக்கு கிழக்கில் நடந்த முறைகேடுகளை ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்கள் கடுமையாகக் குறை கூறினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. எதிர்த்து நின்றவருக்குச் சுதந்திரமாகக் கூட்டம் வைக்கும் சூழல் இருக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

அதற்குப் பிறகு அவர் கொழும்பிலிருந்து எழுதினார். பிரபாகரனுக்கு, ஜனாதிபதிகளுக்கு, உலகத் தலைவர்களுக்கு, பகிரங்கக் கடிதங்கள். 2006இல் சகிப்புத்தன்மைக்கான யுனெஸ்கோவின் மதன்ஜீத் சிங் பரிசு கிடைத்தது. அவரைக் கொண்டாடியவர்களில் பலர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள். அவருடைய பழைய வாக்காளர்கள் இருந்த கிளிநொச்சியோ புலிகளின் நிர்வாகத் தலைநகர். தமிழர் ஒருவர் இன்னொரு தமிழரின் கருத்துக்காகச் சாகக்கூடாது என்று அந்த நாட்களில் வெளிப்படையாகச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அதை அவருக்கு மறுக்கவே முடியாது. ஆனால் அவர் சொன்ன சொற்களை அரசாங்கம் தன் வசதிக்கு எடுத்து வைத்துக்கொண்டபோது, வன்னியில் குண்டுக்குள் இருந்தவர்களின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்பதை அவர் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

அதே காலத்தில் கிளிநொச்சியில் வேறு நீதிமன்றங்கள் நடந்தன. 1993இலிருந்து புலிகள் தமிழீழ நீதிமன்றங்களை நடத்தினார்கள், தங்கள் சட்டக் கல்லூரியில் இளைஞர்களைப் படிப்பித்துச் சட்டவாளர்களும் நீதிபதிகளும் ஆக்கினார்கள். காணித் தகராறுகள் அங்கேயும் போயின. 2009இல் போர் முடிந்து மக்கள் முகாம்களிலிருந்து திரும்பி வந்தபோது ஒரே துண்டுக் காணிக்கு மூன்று பேர் வந்தார்கள்: 1950களின் பெமிட்டோடு ஒருவர், போர்க்காலத்தில் குடியேற்றப்பட்டவர் ஒருவர், கைத்துண்டு எழுதிக் காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர். பெமிட் எரிந்தவர்களும் தொலைத்தவர்களும் இவர்களுக்குப் புறம்பு. 2011இல் வடக்கு கிழக்குக் காணிகளுக்கென்று அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்தபோது அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் எம். ஏ. சுமந்திரன், அவரும் சட்டத்தரணி எம்.பி. அந்தச் சுற்றறிக்கை மீளப் பெறப்பட்டு 2013இல் வேறொன்று வந்தது.

அதே 2013 செப்டெம்பரில் வடமாகாண சபைத் தேர்தல். கூட்டணி மறுபடி கூட்டமைப்புக்குள் வந்திருந்தது. எண்பது வயதில் ஆனந்தசங்கரி கிளிநொச்சி மாவட்டத்தில் வீட்டுச் சின்னத்தின் கீழ் நின்றார். கூட்டமைப்பு அந்த மாவட்டத்தின் நான்கு இடங்களில் மூன்றை வென்றது. அவர் விருப்பு வாக்குப் போதாமல் தோற்றார். கிராம சபைக் காலத்திலிருந்து அவரை அறிந்தவர்களில் பலர் இல்லை. இறந்துபோனார்கள், கனடா, லண்டன் போனார்கள், அல்லது போர் முடிந்த முள்ளிவாய்க்காலோடு முடிந்தார்கள். வாக்குப் போட்ட பிள்ளைகளுக்கு அவரை ஊர்ப் பிரக்கிராசியாகத் தெரியாது.

பெமிட் சட்டத்தில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமையை 2022இல் வந்த திருத்தம்தான் நீக்கியது. 1935இலிருந்து எண்ணினால் எண்பத்தேழு வருஷம். இடையில் வன்னிக்கு எத்தனையோ சட்டத்தரணி எம்.பி.க்கள் வந்து போனார்கள். முள்ளிவாய்க்காலிலிருந்து திரும்பி வந்து, கணவன் பெயரிலோ தகப்பன் பெயரிலோ இருந்த காணியில் தனியாக அடுப்பு மூட்டிய பெண்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தத் திருத்தம் 2010இல் வந்திருக்க வேண்டும்.